பழைய தூசியுறிஞ்சு யந்திரங்களைச் சேர்த்தலும் பேணலும்

பழைய நாணயங்களையும் செப்பேடுகளையும் தபால் தலைகளையும் தேடிச் சேர்ப்பார் பலரை நாம் அறிவோம். அம்முயற்சி கல்வியின்பாற்பட்டது என்பதை மறுப்பார் இலர். ஆனால், வீட்டுக் கம்பளத்தின் தூசியை அகற்றுதற்கென்றே அமைந்து, பழுதுற்ற அன்றே குப்பைமேட்டிற்குச் செல்லும் ஒரு யந்திரத்தை ஒருவர் ஊர் ஊராய்த் தேடிக் கொணர்ந்து, துடைத்து மெருகிட்டு, வரிசையாய் நிறுத்தி மகிழ்கின்றார் என்று கேட்டால் நம்மவர் நகைப்பர். இங்கிலாந்திலும் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் அத்தகையார் ஒருவரிருவரல்லர். அமெரிக்காவில் அவர்கள் தமக்கென ஒரு சங்கம் கண்டு, ஓரிடத்திற் கூடித் தத்தம் யந்திரங்களை ஓட்டிக் காட்டி அளவளாவும் வழக்கமும் உடையர். அவர்தம் தொழில் வெறும் விளையாட்டன்று. பௌதிகம் பயில்வார்க்கும் சரித்திரம் பயில்வார்க்கும் ஒருங்கே பயன் தரவல்லது என்பது எமது கருத்து.

முதற்கண் யந்திரத்தின் இயல்பை அறிதல் வேண்டும். இதனை ஆங்கிலத்தில் ‘வாக்குவம் கிளீனர்’ என்பர். வாக்குவம் என்பது வெற்றிடம். இப்பெயர் அத்துணைப் பொருத்தமுடையதன்று. யந்திரத்தினுள் வெற்றிடம் உண்டாவதில்லை. விசிறியொன்று விரைந்து சுழன்று உள்ளிருக்கும் காற்றைப் புறத்தே தள்ளுதலின், உள்ளே காற்றின் அழுத்தம் சிறிது குறைகின்றது. அக்குறைவை நிரப்புதற்குப் புறத்துக் காற்று வாய் வழியே பாய்ந்து வருங்கால், வழியிலுள்ள தூசியையும் உடன்கொண்டு வருகின்றது. ஆகவே தூசியை யந்திரம் இழுப்பதாக நாம் சொல்லினும், உண்மையில் அதனை உள்ளே தள்ளுவது வாயுமண்டலமே. முழு வெற்றிடம் இருப்பின் நீரானது குழாயில் ஏறக்குறைய 34 அடி உயரும் என்பதை மாணவர் படித்திருப்பர். நல்ல வீட்டு யந்திரம் ஒன்று தன் வாயை முற்றும் அடைத்த நிலையில் ஏழெட்டடி உயரம் நீரைத் தூக்குமாயின் அதுவே பெரிது. அஃதாவது, வாயுமண்டல அழுத்தத்திற் காற்பங்கையும் அது நீக்கவில்லை. பழைய யந்திரங்கள் இதனினும் மிகக் குறைந்த வலியுடையன. எனினும் அவை கம்பளத்தை நன்றாகவே துப்புரவு செய்தன. எங்ஙனமெனின், அவற்றின் வாயில் உருளைத் தூரிகையொன்று சுழன்று கம்பள மயிரைக் கிளறிக்கொடுத்தது. உறிஞ்சும் வலி மாத்திரமே துப்புரவுக்குக் காரணம் என்று நினைப்பவர் இதனைக் கருதுவாராக.

மின்சாரம் வீடுகளுக்கு வருமுன்னரே இதற்கான முயற்சிகள் தோன்றின. 1860-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு அயோவா மாகாணத்தில் டானியேல் ஹெஸ் என்பார் துருத்தியோடு கூடிய கம்பளத் துடைப்பம் ஒன்றிற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அதன் பின்னர்க் கையாற் சுழற்றுவனவும், கொல்லன் துருத்திபோல் அமுக்குவனவும், நீர்ப்பீச்சாங்குழல்போல் இழுப்பனவுமாகப் பல வந்தன. இருவர் கூடி, ஒருவர் துருத்தியை இயக்க மற்றவர் குழாயைப் பிடித்துத் துடைக்கும்படி அமைந்தவையும் உண்டு. துடைப்பத்தினும் இவை கைகளை நோவச்செய்தன என்பதில் ஐயமில்லை. ஆயினும் சேகரிப்போர் இவற்றை மிக விரும்புவர். இவற்றிலே கெட்டுப்போவதற்கு மின்கம்பி இல்லை, தோலும் மரமும் தகரமுமே உண்டு.

1901-ஆம் ஆண்டில் இலண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் என்னும் பொறிவல்லார் வேறு வழி கண்டார். தூசியை ஊதி எழுப்பும் கருவி ஒன்றை ஒருவர் காட்டக் கண்ட அவர், ஊதுவதை விட்டு உறிஞ்சினால் என்னை என்று வினவினாராம். அஃது இயலாது என்று விடை வந்தது. பின்பு ஓர் உணவுச்சாலையில், நாற்காலியின் மெத்தைமேல் வாயை வைத்துத் தாமே உறிஞ்சிப் பார்த்துத் தூசியால் மூச்சுத் திணறினார் என்று கூறுவர். அவர் அமைத்த யந்திரம் வீட்டினுள் நுழையாது. குதிரை பூட்டிய வண்டியொன்றில் எண்ணெய் எஞ்சினோடு தெருவிலே நிற்கும். நீண்ட குழாய்களைச் சன்னல் வழியே உள்ளே செலுத்திப் பணியாட்கள் துப்புரவு செய்வர். அதன் பேரொலியால் தெருவிற் செல்லும் குதிரைகள் வெருண்டன என்று வழக்குகளும் எழுந்தன. 1902-இல் ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழாவிற்கென வெஸ்ட்மினிஸ்டர் ஆலயத்துக் கம்பளங்களை இவ்யந்திரமே துப்புரவு செய்தது. செல்வர் வீடுகளில் விருந்தினரை அழைத்து, கண்ணாடிபோல் தெளிந்த குழாய் வழியே தூசி ஓடுவதைக் காட்டி மகிழ்வித்ததும் உண்டாம். தம் வீட்டு அழுக்கைப் பிறர்க்குக் காட்டிப் பெருமை கொண்டது அக்காலத்தார் ஒருவரே போலும்.

எம்முள்ளத்தை மிகவும் ஈர்ப்பது பூத்தின் வரலாறன்று. ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்லர் என்பாருடையது. இவர் ஒஹாயோ மாகாணத்துக் கான்டன் நகரில் ஒரு பெருங்கடையின் தரை பெருக்கும் பணியாளர்; வயது அறுபதை நெருங்கியவர்; இரைப்பு நோயால் வருந்தியவர். துடைப்பத்தால் எழும் தூசி அவர் மூச்சை அடைத்தது. வேலையை விட்டால் உணவில்லை. விடாவிட்டால் உயிர் நில்லாது. இந்நிலையில் அவர் 1907-இல் சிறு மின்விசிறி மோட்டார் ஒன்றை எடுத்து, ஒரு சவுக்காரப் பெட்டியில் அமைத்து, துடைப்பக் கழியைப் பிடியாகவும் தலையணையுறையைத் தூசிப்பையாகவும் இணைத்தார். முன்புறத்தே சுழலும் தூரிகையையும் வைத்தார். இன்றளவும் நின்று ஓட்டும் யந்திரங்கள் அனைத்தும் இவ்வமைப்பின் வழிவந்தனவே. 1908 ஜூன் 2-ஆம் நாள் உரிமைப் பத்திரம் கிடைத்தது. கையிற் பொருளில்லை. அவருக்கு அறிமுகமான சூசன் ஹூவர் என்னும் அம்மையார் யந்திரத்தின் நன்மையைக் கண்டு தம் கணவர் வில்லியம் ஹூவரிடம் கூற, குதிரைச் சேணம் முதலிய தோற்பொருள்கள் செய்துவந்த அவர், மோட்டார் வண்டிகள் பெருகுவதால் சேணத் தொழில் நெடுநாள் நில்லாது என்பதை உணர்ந்து, இதனை விலைக்கு வாங்கினார். ஸ்பாங்லர் அத்தொழிற்சாலையிலேயே பணியாற்றி, விற்பனையில் ஒரு பங்கும் பெற்று, 1915-இல் இறந்தார். பிற்காலத்தில் இங்கிலாந்தில் ‘ஹூவர்’ என்பதே தூசி உறிஞ்சுதலைக் குறிக்கும் வினைச்சொல்லாயிற்று. ஸ்பாங்லர் என்னும் பெயரை அறிந்தார் சேகரிப்போரன்றி மிகச் சிலரே. ஹூவர் பிறந்து வளர்ந்த இடத்தில், வடகான்டனில், 1978-இல் ஒரு காட்சிச்சாலை திறக்கப்பெற்றது.

சுவீடன் தேசத்து ஆக்சல் வென்னர்-கிரென் என்பார் 1908-இல் வியன்னா நகரக் கடையொன்றின் சன்னலில் இத்தகைய யந்திரத்தைக் கண்டு இவ்வணிகத்தில் இறங்கினார். அவருடைய எலெக்ட்ரோலக்ஸ் 1921-இல் வெளியிட்ட ஐந்தாம் மாதிரி, நிற்பதன்று. உருளைபோற் கிடந்து, பனியிற் சறுக்கும் வண்டிபோல் இரு சட்டங்கள்மேல் நகர்வது. ஆகவே யந்திரங்கள் இரு குலமாயின. நிற்கும் குலத்தில் தூசி முதலில் விசிறியின் ஊடே சென்று பின்னரே பையை அடையும்; கிடக்கும் குலத்தில் பையிலே தூசி தங்க, வடிந்த காற்று மாத்திரமே விசிறிக்குச் செல்லும். பேணுவார்க்கு இவ்வேற்றுமை மிக முக்கியம். முற்கூறியதில் கொண்டையூசியோ, காசோ, சிறு கல்லோ உட்புகின் விசிறியின் இதழ் சிதையும். ஓரிதழ் குறைந்தால் நிறை ஒத்து நில்லாமல் யந்திரம் நடுங்கித் தாங்கிகள் தேயும். பழைய யந்திரமொன்றை வாங்குமுன் கையால் விசிறியைச் சுழற்றி இதழ்களை எண்ணிப் பார்ப்பது அறிந்தோர் வழக்கம்.

1930-களில் வடிவழகு கருதும் காலம் வந்தது. ஹென்றி டிரைபஸ் 1936-இல் ஹூவரின் நூற்றைம்பதாம் மாதிரிக்குப் பேக்கலைட் மூடி அமைத்தார். அதன் உடல் எடை குறைதற்கென மக்னீசியம் கலந்து வார்க்கப்பட்டது. மறு ஆண்டில் லூரெல் கில்ட் அமைத்த எலெக்ட்ரோலக்ஸ் முப்பதாம் மாதிரி, இரயில் வண்டிபோல் நீண்டு பளபளப்பது. கலைக் காட்சிச்சாலைகளிலும் இடம்பெற்றது. 1942-இல் யுத்தத்தின் பொருட்டு அமெரிக்காவில் வீட்டு யந்திர உற்பத்தி நிறுத்தப்பட்டது. இருந்தவற்றையே மக்கள் மீண்டும் மீண்டும் செப்பனிட்டு ஓட்டினர். எனவே அக்காலத்து யந்திரங்களில் ஒன்றன் கைப்பிடி மற்றொன்றன் உடலோடு பொருந்தியிருக்கக் காண்பது வியப்பன்று.

இவ்யந்திரங்களாற் பெண்டிர் உழைப்பினின்று விடுதலை பெற்றனர் என்று விளம்பரங்கள் முழங்கின. அமெரிக்கச் சரித்திர ஆசிரியர் ரூத் ஷுவார்ட்ஸ் கவன் அம்மையார் 1983-இல் வெளியிட்ட நூலில் இதனை ஆராய்ந்து வேறு முடிவு கண்டார். முன்னே கம்பளத்தைப் பருவத்திற்கொருமுறை புறத்தே எடுத்துச் சென்று அடித்து உதறுவது ஆடவரும் சிறுவரும் பணியாட்களும் செய்த வேலை. யந்திரம் வந்தபின் அது வாரந்தோறும் இல்லத்தலைவி தனித்துச் செய்யும் வேலையாயிற்று. துப்புரவின் அளவை உயர்ந்தது. உழைக்கும் நேரம் எதிர்பார்த்தவாறு குறையவில்லை. சேகரிப்போர் காட்சிச்சாலைகளில் பளபளக்கும் உலோகத்தை மாத்திரம் காட்டாது இவ்வுண்மையையும் எழுதி வைத்தால் நலமாகும்.

இனிச் சேர்க்கும் முறையைப் பற்றிச் சிறிது சொல்வோம். பழைய வீடுகளின் பரண்கள், ஏலச்சாலைகள், ஆலயங்களில் நடைபெறும் பழம்பொருள் விற்பனைகள், பூட்டிக் கிடக்கும் பழுதுபார்க்கும் கடைகள் ஆகியவையே யந்திரங்கள் கிடைக்குமிடம். காலத்தை அறிதற்கு முதற் சான்று அடியிலே தறைந்திருக்கும் பெயர்த்தகடு. மாதிரியின் எண், வரிசை எண், வோல்ட்டு, உரிமைப் பத்திர நாட்கள் ஆகியன அதிற் காணப்படும். பல நாட்கள் பொறித்திருப்பின் அவற்றுள் இறுதியானதற்கு முன் அத்தகடு செய்யப்பட்டிராது என்பது தெளிவு. எத்துணை ஆண்டு பிந்தியது என்பதை அது சொல்லாது. கல்வெட்டு ஆராய்வாரும் இம்முறையையே கையாள்வர். ஆகவே தகட்டின்மேல் வர்ணம் பூசுவதும், மெருகுக் குழம்பால் எழுத்துத் தேயும்வரை தேய்ப்பதும் பெருந்தீங்காம்.

பழமை எதுவரை என்னும் வினாவிற்குச் சேகரிப்போரிடை ஒருமித்த விடை இல்லை. 1950-களில் வெளிவந்து, தன் காற்றின்மேலே தானே மிதந்து செல்லும் உருண்டை வடிவ ஹூவர் யந்திரத்தை எல்லோரும் பழையதென்பர். 5,127 மாதிரிகள் செய்து பார்த்தபின் பையில்லாச் சுழற்காற்று யந்திரத்தை அமைத்த ஜேம்ஸ் டைசனின் ‘ஜி-போர்ஸ்’, 1986-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த இளஞ்சிவப்பு யந்திரம், இப்பொழுது பலரால் தேடப்படுகின்றது. நாற்பது ஆண்டில் ஒரு பொருள் குப்பையினின்று அரும்பொருளாகிவிடும் போலும்.

நிற்க, பேணுதலில் எழும் பெரிய வழக்கு ஒன்றுண்டு. கிடைத்த யந்திரத்தைப் புதியது போலாக்குவதா, கிடைத்தவாறே வைப்பதா? ஒரு சாரார் உலோகத்தைச் சக்கரத்தில் மெருகிட்டு, புதுப் பை தைத்து, புது வர்ணம் பூசி, கடையினின்று இன்று வந்ததுபோல் ஆக்குவர். மற்றொரு சாரார் தேய்ந்த கைப்பிடியும், நாற்காலிக் கால்களில் மோதிப்பட்ட தழும்பும், யாரோ ஓரம்மையார் பையில் இட்ட தையலுமே அதன் சரித்திரம் என்பர். யாம் பிற்கூறியாரைச் சார்ந்தோம். மெருகை எப்பொழுது வேண்டுமாயினும் இடலாம்; இட்ட மெருகை நீக்கிப் பழைய மேற்பூச்சை மீட்க எவராலும் இயலாது. ஆனால் இவ்விதி உயிருக்கு ஊறு செய்யும் உறுப்புகளுக்குப் பொருந்தாது. மின்வடம் அத்தகையது.

பழைய வடத்தின் உள்ளிருக்கும் ரப்பர் அறுபது எழுபது ஆண்டுகளில் இறுகி, தொட்டவுடன் பொடியாய் உதிரும். மேலே சுற்றிய நூலுறை செவ்வனே இருத்தலால் கண்டவர் ஏமாறுவர். உள்ளே செம்புக் கம்பி வெற்றுடம்பாய் அலுமினிய உடலைத் தொட்டுக்கொண்டிருக்கும். அக்காலத்து யந்திரங்கள் பலவற்றிற்கு நிலத்தோடு இணைக்கும் மூன்றாம் கம்பியும் இல்லை. அதனைச் செருகி ஓட்ட முயல்பவர் உலோகப் பிடியைப் பற்றிய கையோடு உயிர் துறக்கக்கூடும். ஆதலின் கிடைத்தவுடன் “ஓடுகிறதா பார்ப்போம்” என்று செருகுதல் கூடாது. முதலில் வடத்தை நீக்கிப் புதியது பூட்டுக. உலோக உடலாயின் நிலக்கம்பியும் சேர்க்க. பழைய வடத்தை எறியாமல் சீட்டெழுதிக் கட்டி யந்திரத்தோடே வைக்க. பின்னர்க் காப்பளக்கும் கருவியால் சுருளுக்கும் உடலுக்கும் இடையே மின்சாரம் கசிகின்றதா என்று அளத்தல் வேண்டும். முதன்முறை ஓட்டுங்கால், யந்திரத்தோடு ஒரு குமிழ் விளக்கைத் தொடராக இணைப்பது நல்வழி. உள்ளே குறுக்குச் சுற்று இருப்பின் விளக்கு முழு ஒளியோடு எரியும். யந்திரம் எரியாது தப்பும். அமெரிக்க யந்திரம் பெரும்பாலும் 110 அல்லது 120 வோல்ட்டுக்கு உரியது. நம் நாட்டிலும் இங்கிலாந்திலும் உள்ள 230 வோல்ட்டில் நேரே செருகின் சில நொடியிற் கருகும். மாணவர் எவரும் ஆசிரியர் அருகில் இல்லாமல் இவற்றைச் செய்து பார்த்தலாகாது.

மோட்டாரின் அமைப்பு பௌதிக மாணவர்க்கு நல்ல பாடம். நிலைச்சுருளும் சுழற்சுருளும் தொடராக இணைந்திருத்தலின், மின்னோட்டம் திசை மாறுங்கால் இரண்டிலும் ஒருங்கே மாறும். ஆகவே சுழலும் திசை மாறுவதில்லை. நேர்மின்சாரத்திலும் மாறுமின்சாரத்திலும் அது ஓடுவதற்குக் காரணம் இதுவே. இரண்டும் ஊருக்கொன்றாய் வழங்கிய அக்காலத்தில் இது பெருநன்மை. சுழலும் பகுதிக்கு மின்சாரம் செலுத்துபவை இரு கரித்துண்டுகள். அவை செம்புத் தகடுகளாலாகிய கம்யூடேட்டரின்மேல் உராய்ந்து நாளடைவில் தேயும். தேய்ந்தால் பொறி பறக்கும். புதுத்துண்டு இடுங்கால், கம்யூடேட்டரைச் சுற்றி மெல்லிய உப்புத்தாளை மணல் புறம் வெளியே இருக்கச் சுற்றி, துண்டின் முகம் வளைவோடு பொருந்துமாறு தேய்த்தெடுப்பர். எமரித்தாள் கூடாது, அதன் துகள் மின்சாரத்தைக் கடத்துமாதலின் தகடுகளுக்கிடையே தங்கித் தீங்கு செய்யும். தகடுகளை இடைபிரிக்கும் அப்பிரகம் செம்பைவிட உயர்ந்து நின்றால் அதனையும் மெல்லக் கீறித் தாழ்த்துதல் வேண்டும். தாங்கிகளுக்கு எண்ணெய் இடுவதில் மிகுதியே குற்றம். ஓரிரு துளி போதும். மிக்கது கம்யூடேட்டரில் வழிந்து கரித்தூளோடு குழைந்து கருஞ்சேறாகும்.

துணிப்பையைப் பற்றிச் சொல்லாது விடலாகாது. உலோகம் நூறாண்டு நிற்கும். பையோ அந்துக்கும் பூஞ்சைக்கும் இரையாகும். ஆதலால் எழுத்து மங்காத மூலப்பை சில வேளைகளில் யந்திரத்தினும் அரிது. அதனுள் அடைந்திருக்கும் பழந்தூசியை வீட்டினுள் உதறாமல், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு புறத்தே வெட்டவெளியில் அகற்றுக. பழைய வீடுகளின் ஈய வர்ணத் துகளும் கல்நார்த் துகளும் அதில் இருத்தல் கூடும். வெந்நீரில் இட்டால் அச்சிட்ட எழுத்துக் கரையும். மெல்லிய தூரிகையாற் பலமுறை துடைத்தலே போதியது. வைக்குங்கால் உள்ளே வெள்ளைத்தாளைத் தளர நிரப்பி, மடிப்பு விழாதவாறு தொங்கவிடுக. தூரிகையைச் சுழற்றும் ரப்பர் வாரைக் கழற்றி வைத்தல் வேண்டும். பூட்டியவாறே விட்டால் வாரும் நீளும், உருளையின் அச்சும் ஒருபுறம் தேயும். மக்னீசிய உடலுடையவற்றை ஈரமும் உப்புக்காற்றும் விரைவில் அரித்து வெண்பொடி பூக்கச் செய்யும்; கடலோர ஊர்களில் அவற்றைப் பேணுதல் எளிதன்று. பேக்கலைட்டு வெயிலில் மங்கும்.

செப்பனிட்ட யந்திரத்தைச் சும்மா நிறுத்திவிடாமல், ஆண்டில் இரண்டு மூன்று முறை சில நிமிடம் ஓட்டுதல் நன்று, எண்ணெய் உறையாதிருக்கும். ஓட்டுதற்கு மற்றொரு காரணமும் உண்டு. ஒவ்வொரு மாதிரிக்கும் தனி ஓசை உண்டு என்றும், கண்ணை மூடிக்கொண்டு ஓசையால் மாதிரியைச் சொல்லவல்லார் உளர் என்றும் சேகரிப்போர் கூறுவர். சுருளின் அமைப்பு, விசிறி இதழ்களின் தொகை, காற்று வெளியேறும் வாயின் வடிவு ஆகிய மூன்றும் கூடி எழுப்பும் ஓசை அது. படத்திலும் விளம்பரத் தாளிலும் அஃது இல்லை. யந்திரம் நின்றால் அதுவும் நின்றுவிடும். இக்காலத்தில் ஒலிப்பதிவு எளிதாகலின், செப்பனிடுமுன் ஓடும் நிலையிலுள்ளவற்றின் ஓசையைப் பதிந்து வைப்பது விரும்பத்தக்கது.

ஒவ்வொரு யந்திரத்திற்கும் ஓர் ஏடு வைத்து, எங்கே, எந்நாள், யாரிடம் பெற்றது, அவர் வீட்டில் அதனை ஓட்டியவர் யார், எந்த உறுப்பு மூலம், எது புதிது என்பவற்றை எழுதுதல் வேண்டும். கொடுப்பவர் முதியவராயிருப்பின் அன்றே கேட்டு எழுதிக்கொள்க. மாற்றிய திருகாணியும்கூட ஏட்டில் ஏறுதல் முறை. கழற்றிய பழைய உறுப்புகளைச் சிறு பையிலிட்டு அதே எண்ணைப் பொறித்து, யந்திரத்தின் கைப்பிடியிலே கட்டித் தொங்கவிடுவர்.